நாற்பத்தஞ்சு நிமிஷம் யாரும் பேசலை

இதுவா? காது மெஷின் இல்லீங்க தம்பி. எல்லாரும் அப்படித்தான் நினைச்சுக்கறாங்க. காலையில அந்த நர்ஸ் பொண்ணு கூட, "தாத்தா, காது கேக்கலைன்னா சொல்லுங்க"ன்னு கத்திட்டுப் போச்சு. எனக்குப் பாம்புக் காது. இது ரேடியோ. பாட்டுப் போடற ரேடியோ இல்ல. காதுல இருக்கறது அதோட இயர்போன்தான். இருங்க, ரேடியோவைக் காட்டறேன். உள்ளங்கை அளவுதான். வாக்கி டாக்கி மாதிரி இருக்கில்ல? அந்த ஜாதிதான், ஆனா நான் இதுல பேசறதில்ல. கேக்கறதோட சரி.

உக்காருங்க. அந்த நாற்காலி ஆடும், இந்தப் பக்கம் வாங்க. உங்களுக்கு உள்ளே யாரு? மாமியாரா. பித்தப்பையில கல்லா. அது ஒண்ணுமில்ல, எடுத்துட்டா நாலே நாள்ல வீட்டுக்கு வந்து உங்களைத் திட்ட ஆரம்பிச்சுடுவாங்க. எங்க வீட்டுல ஏழாம் நம்பர் பெட்டு. சுலோசனான்னு பேரு. முந்தாநாள் சாயங்காலம் கொண்டு வந்தோம். தலைக்குள்ள ரத்தக் கசிவுன்னாங்க. இன்னும் கண்ணு தொறக்கலை. பொண்ணு புனேல இருக்கா, சாயங்காலம் ஃப்ளைட்ல வர்றா. அதுவரைக்கும் நான் ஒருத்தன்தான்.

இந்தப் பட்டனை அழுத்தினா நம்பர் ஓடும், பாருங்க. ஓடுதா? எங்கே ஆள் பேசறாங்களோ அங்கே தானா நின்னுடும். பேச்சு முடிஞ்சா மறுபடி ஓடும். ஆன்லைன்ல வாங்கினது, விலை ரொம்பக் கம்மி. போலீஸ் பேச்சு இதுல கேக்காது, அதெல்லாம் பூட்டி வெச்சிருக்காங்க. மத்தவங்க யாரு பூட்டறாங்க? கல்யாண மண்டபம், மெட்ரோ வேலைக்காரங்க, மால் பார்க்கிங், செக்யூரிட்டி, எல்லாரும் வாசலைத் தொறந்து வெச்சுட்டுத்தான் பேசறாங்க. இந்த ஆஸ்பத்திரி எந்த நம்பர்ல பேசுதுன்னு வந்த ஒரு மணி நேரத்துல புடிச்சுட்டேன். துடைக்கறவங்க, வாசல் காவல், ஸ்ட்ரெச்சர் தள்ளறவங்க, எல்லாம் ஒரே லைன். சட்டப்படி கேக்கலாமான்னு கேக்கறீங்களா? காத்துல வருது, காதுல விழுது. நான் என்ன செய்ய?

ஒரு நிமிஷம்.

ஒண்ணுமில்ல. ரெண்டாவது மாடியில சாம்பார் கொட்டிடுச்சாம்.

டெலிபோன்ஸ்ல முப்பத்தி நாலு வருஷம் தம்பி. ட்ரங்க் கால் காலத்துல சேர்ந்தேன். ஊரு பேசறது மொத்தமும் என் காதைத் தாண்டித்தான் போகணும். ஒட்டுக் கேக்கக் கூடாதுன்னு ரூல். நான் ஒரு நாளும் கேட்டதில்ல. லைன் சுத்தமா இருக்கான்னு பாக்கறதுக்கு அப்பப்ப ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம். அது டூட்டி. அப்படி இருந்த மனுஷன் ரிடையர் ஆகி வீட்டுல உக்காந்தா எப்படி இருக்கும் சொல்லுங்க. வீட்டுல ரெண்டே பேர். அவ சமையல்கட்டுல, நான் பால்கனியில. காது சும்மா கிடந்தது. அப்பதான் இதை வாங்கினேன். பால்கனியில ஒரு நாற்காலி, கையில காப்பி, காதுல இது. காலையில எட்டு மணிக்கு உக்காந்தா சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன்.

என்னென்ன கேக்கும்ங்கறீங்க. எங்க தெரு முனையில மெட்ரோ தூண் போடறாங்க. கிரேன் ஆளுக்குக் கீழே இருந்து ஒருத்தன் சொல்லுவான். "இன்னும் ஒரு அடி. அரை அடி. மெதுவா. நிறுத்து." நாள் பூரா அதேதான். எனக்கு அது சங்கீதம். மண்டபத்துல ஒரு நாள், "மூணாம் பந்திக்கு ரசம் பத்தாது, தண்ணி ஊத்தட்டுமா?"ன்னு கேக்கறான். ஊத்துன்னான் இன்னொருத்தன். நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். சுலோசனா வந்து என்னன்னு கேட்டா. சொன்னா அவளுக்குப் புரியாது. "ஊர்ல இருக்கறவன் பேச்சு பூரா உங்களுக்குக் கேக்குது, உள்ளேருந்து நான் மூணு தடவை கூப்பிட்டேனே, அது கேக்கலையா?"ன்னா. தோசை ஆறிப் போச்சாம். அதுக்குத்தான் அந்தப் பேச்சு. அவ அப்படித்தான், வெடுக்குனு ஒண்ணு சொல்லிட்டுப் போயிடுவா, மனசுல ஒண்ணும் இருக்காது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நான் ஏன் இங்கே இந்த நோட்டோட உக்காந்திருக்கேன்னு உங்களுக்குத் தெரியணும். எங்க வீட்டுல இந்த நிலைமைக்கு வந்ததுக்குக் காரணம் எங்க அபார்ட்மென்ட் செக்யூரிட்டி. அலட்சியம். சுத்த அலட்சியம். நாற்பத்தஞ்சு நிமிஷம் தம்பி. அரை மணி முன்னாடி கொண்டு வந்திருந்தா கதையே வேறன்னு டாக்டர் என் முகத்தைப் பாத்துச் சொன்னார். அந்த நாற்பத்தஞ்சு நிமிஷத்துக்கு யாரோ ஒருத்தன் பதில் சொல்லணுமா வேண்டாமா?

முந்நூத்தி நாற்பது வீடு. தாம்பரம் தாண்டி. நாலு இடத்துல காவல். முன் கேட்டு ஒண்ணு. நீச்சல் குளம் ரெண்டு. கழிவுத் தண்ணி சுத்தம் பண்ற மெஷின் இருக்கற இடம் மூணு. பின் கேட்டு நாலு. பின்னாடி மதில் உயரம், செல்போன்ல ஒரு கோடு கூட வராது. அதனால ஆளுக்கொரு வாக்கி டாக்கி. அரை மணிக்கு ஒரு தடவை கணக்கு சொல்லுவாங்க. "ஒண்ணு ஓகே. ரெண்டு ஓகே." அந்த லைனை நான் புடிச்ச அன்னிக்கு என் சந்தோஷத்தைக் கேக்காதீங்க. நம்ம வீட்டு வாசல்ல நடக்கறது அத்தனையும் காதுக்குள்ள வந்துடுச்சு.

அப்பதான் தெரிஞ்சுது அவங்க லட்சணம். ஒருத்தன் பீடி குடிக்கப் போறேங்கறான். ஒருத்தன் சம்சாரத்தோட சண்டைன்னு சொல்லி அழறான். பின் கேட்டுல பச்சையப்பன்னு ஒரு ஆளு, வந்தவாசிப் பக்கம், அறுபதை நெருங்கிட்டான். அவன் ஒரு நாள் முன் கேட்டு லோகுகிட்ட சொல்றான். "லோகு, சேர் ஒண்ணு தேடிப் புடிச்சு நிழல்ல போட்டுட்டேன். இனி கவலையில்ல." எப்படி இருக்கு பாருங்க. காவல் காக்க வந்தவனுக்கு நாற்காலி, அதுவும் நிழல்ல. நேரா செக்ரட்டரி ரங்கபாஷ்யம்கிட்ட போய்ச் சொன்னேன். மறுநாளே நாற்காலியைத் தூக்கிட்டாங்க. "உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா போதும் சார்"னார். விஜிலன்ஸ் கமிட்டின்னு ஒண்ணு போட்டு அதுல என்னை வெச்சார். கமிட்டியில நான் ஒருத்தன்தான். ஆனா கமிட்டி.

நான் கேக்கறேன்னு செக்யூரிட்டிக்குத் தெரியாது. பரம ரகசியம். கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாக்கறதும்பாங்களே, நான் காதுல ஊத்திக்கிட்டுக் கேட்டேன். ஒரே ஒரு விஷயம்தான் புரியாம இருந்தது. நான் வெளியே வந்து உக்காந்ததும் அடிக்கடி, "பால்கனி இருக்கா?"ன்னு ஒருத்தன் கேப்பான். "பால்கனி இருக்கு, சும்மா இரு"ம்பான் இன்னொருத்தன். எந்த பால்கனியோ இடியற நிலைமையில இருக்குன்னு பயந்து அதுக்கும் ஒரு லெட்டர் குடுத்தேன். இன்ஜினியர் வந்து தட்டிப் பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னுட்டுப் போனார்.

இருங்க. ஏழுன்னு ஏதோ...

"ஏழுக்கு ஸ்ட்ரெச்சர் ஒண்ணு ரெடியா வை"ங்கறாங்க. ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போவாங்களா இருக்கும். நேத்தும் ஒரு ஸ்கேன் எடுத்தாங்க. நல்லதுதான், எடுக்கட்டும். ஏழுன்னா எங்க ஏழுதான்னு என்ன நிச்சயம், ஒவ்வொரு மாடியிலயும் ஒரு ஏழு இருக்கும்.

எங்கே விட்டேன்? ஆங். இந்தத் தை மாசம் நடந்ததைச் சொல்றேன். சுலோசனா தினம் நாலரை மணிக்கு நடக்கப் போவா. மதிலை ஒட்டியே ஒரு சுத்து. முன் கேட்டுல ஆரம்பிச்சு, குளம், மெஷின், பின் கேட்டு, திரும்பி வீடு. இருபத்தஞ்சு நிமிஷம். நான் பால்கனியில. ஒரு நாள் லைன்ல லோகு குரல். "அம்மா கிளம்பிட்டாங்க." எந்த அம்மான்னு நான் யோசிக்கலை. "ரெண்டு தாண்டியாச்சு. இன்னிக்கு மெதுவாத்தான் வர்றாங்க, மூணு, பாத்துக்கோ." "பாத்துட்டேன். மூணு தாண்டியாச்சு." கடைசியில பச்சையப்பன், "வந்துட்டாங்கப்பா. நல்லாத்தான் இருக்காங்க. மோர் குடுத்தாங்க." மோர்னதும் எனக்குச் சுருக்குனுது. சமையல்கட்டுல அவ பாட்டில்ல மோர் ஊத்தி எடுத்துட்டுப் போனதை நானே பாத்தேன். வெயில்ல தாகம் எடுக்கும் போலன்னு நினைச்சேன்.

மறுநாளும் கேட்டேன். அதே பேச்சு. அம்மா கிளம்பிட்டாங்க, அம்மா தாண்டிட்டாங்க. ஒரு வாரம் கேட்டு, தேதி, மணி போட்டு இந்த நோட்டுல எழுதினேன். இதோ பாருங்க, பொங்கலுக்கு அடுத்த வாரம். ஏழு நாள்ல ஏழு நாளும். நீங்க சொல்லுங்க தம்பி, உங்க வீட்டுப் பொம்பளை எங்கே போறாங்க, எப்ப வர்றாங்கன்னு நாலு ஆம்பளைங்க வாக்கி டாக்கியில வேவு பாத்தா நீங்க சும்மா இருப்பீங்களா? எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. வீட்டை நோட்டம் பாக்கறான்னு ஒரு பயம். அவ வெளியே இருக்கற நேரம் தெரிஞ்சா என்ன வேணா பண்ணலாமே. பேப்பர்ல எத்தனை படிக்கறோம்.

அவகிட்ட கேட்டீங்களான்னு கேக்கறீங்க. கேக்கலை. கேட்டா நான் கேக்கறது அவளுக்குத் தெரிஞ்சுடும். அவ வாயில ஒரு விஷயம் நிக்காது, நேரா போய் அந்தப் பச்சையப்பன்கிட்ட, "எங்க வீட்டுக்காரர் எல்லாத்தையும் கேக்கறார்ப்பா, பாத்துப் பேசுங்க"ன்னு சொல்லிடுவா. அவ அப்படி. எல்லாரும் நல்லவங்க அவளுக்கு.

செக்ரட்டரிகிட்ட நோட்டைக் காட்டினேன். சர்க்குலரை நானே எழுதிக் குடுத்தேன். முப்பத்தி நாலு வருஷ சர்வீஸ், சர்க்குலர் எழுதச் சொல்லியா குடுக்கணும்? "குடியிருப்போர் எவரைப் பற்றியும் வாக்கி டாக்கியில் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. மீறுவோர் அன்றே பணியிலிருந்து விலக்கப்படுவர்." நாலு பேரும் கையெழுத்துப் போட்டாங்க. முதல் கையெழுத்து பச்சையப்பன். அவன் ஏதோ சொல்ல வந்தானாம். ரங்கபாஷ்யம் கேக்கலை. எரியறதைப் புடுங்கினா கொதிக்கறது அடங்கும்னு நான்தான் அவருக்குச் சொல்லி வெச்சிருந்தேன். அன்னியிலேருந்து லைன் சுத்தம். அரை மணிக்கு ஒரு தடவை ஒண்ணு ஓகே, ரெண்டு ஓகே. அவ்வளவுதான்.

ரெண்டு நாள் கழிச்சு நடந்துட்டு வந்து சுலோசனா சொல்றா, "அந்தப் பச்சையப்பன் இப்பல்லாம் முகம் குடுத்துப் பேசறதில்லைங்க. நாற்காலியும் முன்னாடியே காணாமப் போச்சு. என்ன ஆச்சுன்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" எனக்கென்ன தெரியும்னேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்கணுமா?

அப்புறம் ஒரு நாள். இது முக்கியமில்ல, ஞாபகம் வந்தது, சொல்றேன். பால்கனி கதவுகிட்ட வந்து நின்னா. கதவைப் புடிச்சுக்கிட்டு. "என்னங்க, ஒரு விஷயம் சொல்லணும்"னா. அப்ப பாத்து கிரேன்காரனுக்கும் கீழே நிக்கறவனுக்கும் சண்டை. ஏதோ சங்கிலி நழுவிடுச்சு போல. நான் கையைக் காட்டினேன், ஒரு நிமிஷம் இருன்னு. நின்னா. அப்புறம் போயிட்டா. ராத்திரி சாப்பிடும்போது, என்னமோ சொல்லணும்னியேன்னு கேட்டேன். ஒண்ணுமில்லைன்னா. ஒண்ணுமில்லைன்னா ஒண்ணுமில்லைதானே?

ஸ்ட்ரெச்சர் போற சத்தம் கேட்டுதா? எனக்கும் கேக்கலை. இன்னும் வரலை போல.

முந்தாநாள். புதன்கிழமை. இதோ நோட்டுல இருக்கு, நீங்களே படிங்க. என் எழுத்து முத்து மாதிரி இருக்கும். "மாலை 4.30 முதல் 5.15 வரை. வழக்கமான அழைப்பு தவிர வேறு பேச்சு இல்லை. ஒழுங்கு மிக நன்று." நாற்பத்தஞ்சு நிமிஷம் யாரும் பேசலை. எனக்கு அன்னிக்கு அவ்வளவு நிம்மதி. சர்க்குலர் வேலை செய்யுதுன்னு ஒரு திருப்தி. அந்தக் கணக்கு சொன்னப்ப தவிர நம்பர் ஓடிட்டே இருந்தது, எங்கேயும் நிக்கலை. கிரேன் கூட அன்னிக்கு லீவு. காப்பி வரலையேன்னு அஞ்சு மணிக்கு ஒரு தடவை உள்ளே பாத்தேன். நடந்துட்டு வந்து போடுவான்னு இருந்துட்டேன்.

அவ ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல விழுந்து கிடந்திருக்கா. அரளிச் செடி மறைவு. தண்ணி பாய்ச்ச வந்த தோட்டக்காரம்மா பாத்துக் கத்தியிருக்கு.

ரெண்டுல இருந்தவன் அவ போறதைப் பாத்திருக்கான். மூணுல இருந்தவன் அவ வரலைன்னு பாத்திருக்கான். நாலுல பச்சையப்பன் அஞ்சு மணிக்கே எழுந்து எழுந்து பாதையை எட்டிப் பாத்திருக்கான். இதை அவனே சொல்றான், இந்த ஆஸ்பத்திரி வாசல்ல. ஆட்டோ புடிச்சு வந்துட்டான், யூனிஃபார்மோட. பாத்தியே, அப்புறம் ஏன்டா வாக்கி டாக்கியில கேக்கலைன்னேன். கையில வெச்சிருக்கியே, அது எதுக்கு, விளையாடவா? அம்மா வரலையேன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா எவனாவது ஓடிப் போய்ப் பாத்திருப்பானேன்னேன்.

அதுக்கு அவன் சொல்ற பதிலைக் கேளுங்க. "சார், போன ஐப்பசியில அம்மாக்கு ஒரு தபா தலை சுத்திடுச்சு. பின் கேட்டாண்ட. நான்தான் புடிச்சு உக்கார வெச்சேன். வூட்ல சொல்லாதேப்பா, அவரு பயந்துடுவாருன்னாங்க. அப்பாலிருந்துதான் சார் நாங்க நாலு பேரும் பேசி வெச்சு, அவங்க நடக்கச்சொல்ல ஒவ்வொரு கேட்டா வாக்கி டாக்கியில சொல்லிக்கினு கூடவே வருவோம். அந்த சேரும் அவங்களுக்குத்தான் போட்டேன். நீங்க எழுதிக் குடுத்து ரெண்டையும் நிறுத்திட்டீங்க. பேசினா வேலை போயிடும்னு கையெழுத்து வாங்கினீங்களே சார். நான் பத்து நிமிஷம் பாத்தேன், இருபது நிமிஷம் பாத்தேன். கேட்டை வுட்டுட்டுப் போனா அதுக்கும் மெமோ. அஞ்சேகாலுக்கு முடியலை, போனாப் போவுதுன்னு ஓடினேன். அதுக்குள்ள அந்தம்மா கத்திடுச்சு."

அழறான் தம்பி. நடு ரோட்டுல அழறான்.

எவ்வளவு திமிர் பாத்தீங்களா? செய்யறதையும் செஞ்சுட்டு பழியைத் தூக்கி என் மேல போடறான். என் சம்சாரத்துக்குத் தலை சுத்தினது எனக்குத் தெரியாதாம், அவனுக்குத் தெரியுமாம். நாற்பத்தி ஒரு வருஷம் கூடக் குடித்தனம் பண்றவன் நான். ஐப்பசியில தலை சுத்தியிருந்தா என்கிட்ட சொல்லாமலா இருப்பா? எதுக்கு மறைக்கணும்? நான் என்ன புலியா, கரடியா? எனக்குக் கேக்காதா? மதிலுக்கு அந்தப் பக்கம் ரசத்துல தண்ணி ஊத்தறது கேக்குது எனக்கு.

அன்னிக்குக் கதவுகிட்ட வந்து நின்னது அதுக்குத்தானோன்னு நேத்து பூரா...

இல்ல. அதுவா இருக்காது. ஒண்ணுமில்லைன்னு அவளே சொன்னா.

ரூல்னா ரூல். ஆனா ஆபத்துன்னா ரூலைப் பாப்பானா ஒரு மனுஷன்? மூளைன்னு ஒண்ணு வேண்டாமா? அதைத்தான் நான் எழுதப் போறேன். செக்யூரிட்டி கம்பெனிக்கு ஒரு காப்பி, அசோசியேஷனுக்கு ஒரு காப்பி. நாலு பேரும் போகணும். ரங்கபாஷ்யம் நேத்து வந்திருந்தார். படிச்சுப் பாருங்க சார்னு நோட்டை நீட்டினேன். வாங்கலை. என் தோள்ல கையை வெச்சுட்டு, "முதல்ல அவங்க எழுந்து வரட்டும்"னுட்டுப் போயிட்டார். பயந்தாங்கொள்ளி. நல்லதுக்குக் காலமில்லை தம்பி.

உங்களுக்குப் போரடிக்குதா? இருங்க, போகாதீங்க. கேன்டீன்ல இப்ப ஒண்ணும் இருக்காது, ஒரு மணிக்குத்தான் சாப்பாடு. பன்னெண்டே கால்தான் ஆகுது. எனக்கு என்னன்னா, யாராவது பக்கத்துல பேசிட்டு இருந்தா தேவலை. உள்ளே விட மாட்டேங்கறாங்க. காலையில ஒரு தடவை கண்ணாடி வழியா காட்டினாங்க. தலையை மழிச்சிருக்காங்க. கையைத் தொட்டேன்னு வெச்சுக்கங்க, இல்ல, தொடலை, கண்ணாடிதான் நடுவுல. உதடு அசைஞ்ச மாதிரி இருந்தது. ஏதோ சொன்ன மாதிரி. நர்ஸ்கிட்ட சொன்னேன், அது டியூப் தாத்தான்னுச்சு. அந்தக் கண்ணாடி வழியா எனக்கு ஒண்ணும் கேக்கலை. எந்த மெஷின் வெச்சாலும் கேக்காது.

ஒரு நிமிஷம். ஷ்ஷ்.

...

இல்ல, சும்மா. பேசுங்க. பேசிட்டே இருங்க.

ஷ்ஷ்.

கேட்டுதா உங்களுக்கு? இயர்போன்ல எப்படிக் கேக்கும். நான் சொல்றேன். "ஏழாம் பெட்டுக்கு வெளியே யார் இருக்கா?"ன்னு ஒரு பொம்பளைக் குரல். இந்த மாடிதான், அந்த நர்ஸ் குரல்தான். வாசல் ஆளு சொல்றான், "ஒரு பெரியவர் மட்டும்தான் சிஸ்டர். காதுல ரேடியோ மாட்டியிருப்பாரே, அவரு." "கூட யாராவது இருக்காங்களா?" "பக்கத்துல ஒரு ஆளு உக்காந்து பேசிட்டிருக்காரு." "அந்த ஆளைக் கொஞ்சம் கூடவே இருக்கச் சொல்லு. பெரியவர் தனியா எழுந்து போகாம பாத்துக்கோ. டாக்டர் வந்துட்டே இருக்காரு. அதுவரைக்கும் நீ ஒண்ணும் சொல்லாதே." "பாத்துக்கறேன் சிஸ்டர்."

அங்கே பாருங்க, அந்த வாசல் ஆளு. நம்மளையே பாக்கறான். நான் எழுந்தா எழுந்திருப்பான் போல. தண்ணி பாட்டிலை வேற கையில எடுத்து வெச்சிருக்கான்.

என்னை வேவு பாக்கறாங்க தம்பி. நான் எங்கே போறேன், யாரோட பேசறேன், கூட யார் இருக்காங்கன்னு ஊருக்கே கேக்கற லைன்ல பேசறாங்க. எவ்வளவு நெஞ்சழுத்தம் இருக்கணும். இதை விடக் கூடாது. நோட்டுல புதுப் பக்கம் திருப்புங்க. என்கிட்ட குடுக்காதீங்க, நீங்களே எழுதுங்க, நான் இதைக் கேட்டுட்டே இருக்கணும். பேனா இருக்கில்ல உங்ககிட்ட? இருக்கு, பாக்கெட்லயே இருக்கு.

எழுதுங்க. மருத்துவமனை நிர்வாகிக்கு. ஐயா. தங்கள் ஊழியர்கள் நோயாளிகளின் உறவினர்களைப் பற்றி வாக்கி டாக்கியில் பேசி வருகிறார்கள். நேரம், பகல் பன்னிரண்டு இருபது. இது உடனடியாக நிறுத்தப்பட வேண்டும். போட்டாச்சா? அடுத்த வரி. நோயாளியின் பெயர், சுலோசனா. வயது அறுபத்தாறு. படுக்கை எண் ஏழு. உடன் இருப்பவர், கணவர்.

டாக்டர் வர்றாரா? வரட்டும், வரட்டும். அவர் வர்றதுக்குள்ள இதை முடிச்சுடலாம். கணவர்னு போட்டீங்களா? அதுக்குக் கீழே என் பேரு.

எழுதுங்க தம்பி. பேனாவை எதுக்கு மூடறீங்க?